கையொப்பமும் அதிகாரமும்

"ஐயா ஊரில் இல்லை, வந்ததும் கையொப்பம் ஆகும்." இம்மொழியைக் கேளாத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் அரிது. மகளின் படிப்புக்காக வருமானச் சான்றிதழ் வேண்டி அலையும் தந்தையும், ஓய்வூதியத் தாளுக்குக் காத்திருக்கும் முதியவரும் இதனைக் கேட்டுத் திரும்பியவர்களே. எழுத்தர் எழுதி முடித்திருப்பார், மேலவர் சரிபார்த்திருப்பார், ஒப்பம் ஒன்றே குறையும். அதனை இடும் அதிகாரம் எவருக்கு உண்டு, வேறொருவருக்கு அதனை அளித்தல் முறையாகுமா என்பதனை இத்திங்கள் நாம் சிறிது ஆராய்வோம்.

விதான சௌதாவிலிருந்து வெளிவரும் அரசாணை எதனையேனும் எடுத்துப் பாருங்கள். முடிவில் 'கர்நாடக ராஜ்யபாலர ஆதேசானுசார மத்து அவர ஹெசரினல்லி' என்று காணப்படும். ஆளுநரின் ஆணைப்படி, அவர் பெயரால் என்பது அதன் பொருள். கீழே ஒப்பமிட்டிருப்பவரோ ஆளுநரும் அல்லர், அமைச்சரும் அல்லர். பெரும்பாலும் ஒரு சார்புச் செயலாளரே. இதற்கு வழி வகுத்தது அரசியலமைப்பின் 166ஆம் பிரிவு. ஆளுநர் பெயரால் பிறக்கும் ஆணையை எவர் ஒப்பமிட்டு மெய்ப்பிக்கலாம் என்று விதி செய்யலாம். அவ்விதிப்படி மெய்ப்பிக்கப்பட்ட ஆணையை 'ஆளுநர் இட்டதன்று' என்று கூறி எவரும் மறுக்கலாகாது. கர்நாடகத்தில் அலுவல் நடத்தும் முறையை 1977ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன.

இம்முறை வழக்கு மன்றத்திலும் உரைத்துப் பார்க்கப்பட்டதாகும். அன்றைய சென்னை மாநிலத்தில் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டம் ஒன்றினைத் துறைச் செயலாளரே முடிவு செய்தார். அமைச்சர் பாராத திட்டம் அரசின் திட்டமாகுமோ என்று பேருந்து உரிமையாளர்கள் வழக்காடினர். சஞ்சீவி நாயுடு வழக்கு எனப்படும் இதில் 1970ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் முன்னர் மைசூர் உயர்நீதி மன்றத்தில் அமர்ந்திருந்த நீதிபதி கே. எஸ். ஹெக்டே. அலுவல் விதிகளின்படி செயலாற்றும் அதிகாரி அமைச்சரின் கையாளாக அன்றி, அரசின் ஓர் உறுப்பாகவே முடிவு செய்கிறார். ஆயினும் சட்டமன்றத்திற்கு விடை கூறும் கடமை அமைச்சரை விட்டு நீங்காது. இத்தீர்ப்பின் பிற்பகுதியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அதிகாரம் முறையாக வந்து சேராவிடின் என்னாகும்? இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சொத்தினைக் கைக்கொள்ளும் உரிமை மாவட்ட நடுவருக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. பஞ்சாபில் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த கூடுதல் நடுவர் அத்தகைய ஆணையிட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. பதவியில் அருகில் இருத்தல் வேறு, அதிகாரம் பெற்றிருத்தல் வேறு. 'பெரியவர் இல்லை, அடுத்தவர் போடட்டும்' என்று நாம் கவுண்டரில் வற்புறுத்துவது எளிது. எழுத்து வடிவான ஆணை இன்றி அவர் போட்டால், பின்னர் அத்தாளை நம்பி நிற்பவர் நாமே.

பணி பெருகப் பெருகக் கைகளும் பெருகவேண்டும் என்பது இந்நகருக்குப் புதிதன்று. இன்று உயர்நீதி மன்றம் இயங்கும் செந்நிற மாளிகைக்கு அட்டாரா கச்சேரி என்று பெயர். பதினெட்டு அலுவலகங்களுக்கென 1868இல் நிறைவுற்றது அது. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதாவும் போதாமல், பின்னர் பல மாடிக் கட்டடம் ஒன்றும் தேவைப்பட்டது. கட்டடங்களை வளர்த்த வேகத்தில் ஒப்பமிடும் உரிமையைப் பகிர்ந்தோமா என்பது ஐயமே. மேசையில் கோப்பு உயர்ந்திருப்பதைப் பெருமையாகக் கருதும் அதிகாரிகள் இன்றும் உளர்! சிலர் அஞ்சியும் பகிர்வதில்லை. கீழுள்ளவர் தவறினால் பழி தம்மீது விழும் என்பது அவ்வச்சம். அது முற்றும் பொய்யுமன்று. ஆதலின் எந்த வகைத் தாள், எத்தொகை வரை, எப்பதவியினர் என்று வரையறுத்து அளிப்பதே இருவருக்கும் பாதுகாப்பு. ஆளின் பெயருக்கு அளித்தால் அவர் மாற்றலாகும் நாளில் வேலை நின்றுவிடும். பதவிக்கு அளிப்பதே சிறந்தது.

2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்த சகாலா சட்டம் இவ்வகையில் நல்ல முயற்சி. ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பான அதிகாரி யார், எத்தனை நாளில் முடிக்கவேண்டும், தவறினால் எவரிடம் முறையிடுவது என்று அது குறித்து வைத்தது. தாமதத்திற்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், மிகுதியாக 500 ரூபாய் வரை விண்ணப்பதாரருக்கு ஈடு உண்டு. தொகை சிறிதே, எனினும் 'ஐயா இல்லை' என்னும் விடைக்கு ஒரு விலை வைத்தது அதுவே.

இப்பொழுது மைக்கு மாற்றாக மின்னணுக் கையொப்பம் வந்துள்ளது. விரலளவுக் கருவியையும் கடவுச்சொல்லையும் உதவியாளரிடம் தந்துவிட்டுச் செல்லும் அதிகாரி, தாம் அதிகாரத்தைப் பகிர்ந்ததாக எண்ணக்கூடும். அது பகிர்வாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தம் கையொப்பத் திறவுகோலைக் கவனத்துடன் தம் வசமே காக்கவேண்டும் என்று உரியவரைப் பணிக்கிறது. உதவியாளருக்கு அதிகாரம் வேண்டுமாயின் அவர் பெயரில் தனிக் கையொப்பமும் அவர் பதவிக்குத் தனி ஆணையும் பிறக்கவேண்டும்.

நம் அன்பர்கள் விண்ணப்பம் கொடுத்ததும் சகாலா எண் கொண்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுக. தாள் கைக்கு வந்ததும் ஒப்பத்தின் கீழே பெயரும் பதவியும் உள்ளனவா என்று அலுவலகத்தை விட்டு நீங்கும் முன்னரே பார்த்துக்கொள்க. சகாலா விண்ணப்பம் எழுதும் முறையை அறிய விரும்புவோர் சங்க அலுவலகத்திற்கு எழுதினால் அடுத்த இதழில் விளக்குவோம்.