டேப்லெட்டில் கணக்கு எழுத முடியுமா?

2025 மார்ச் மாதம் தமிழக அரசின் பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட், எது வேண்டுமோ அதை அவரவர் விருப்பப்படி வாங்கிக்கொள்ளலாம் என்று. முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல திட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் இருக்கும் அந்த "அல்லது" என்ற சொல்தான் இடிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு என்பது போலவும், ருசியைப் பொறுத்து இட்லியா தோசையா என்று தேர்ந்தெடுப்பது போலவும் அது ஒலிக்கிறது.

பின்னர் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது என்னவோ லேப்டாப்புக்குத்தான். ஆக, அரசாங்கமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது எனலாம். ஆனால் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அப்பா கடன் வாங்கி ஏதோ ஒன்று வாங்கித் தரப்போகிறார். கடைக்காரர் பளபளப்பான டேப்லெட்டை எடுத்து நீட்டி, "இதிலேயே வேர்டு, எக்செல் எல்லாம் இருக்கு சார்" என்கிறார். இருக்கிறதா? இருக்கிறது. வேலை செய்யுமா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. மரக்காணத்தை எடுத்துக்கொள்வோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். மூவாயிரம் ஏக்கருக்கும் மேலே பாத்தி பாத்தியாக உப்பளம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு உப்பு விற்கப் போன காலத்தில் மனக்கணக்கே போதுமானதாக இருந்திருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பாத்தியைச் சீர் செய்து வேலையைத் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓடும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் நின்றுவிடும். வேலை இல்லாத அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மழை மாதங்களில் முதலாளியிடம் முன்பணம் வாங்குவதும், சீசனில் வாரக் கூலியில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவதும் இந்தத் தொழிலில் சாதாரணம்.

இப்போது அந்த ஊரில் சின்னதாக உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒருவரின் மகள் பி.காம். படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ தினமும் பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறாள். "நீதான் காமர்ஸ் படிக்கிறியே, இந்தக் கூலிக் கணக்கைக் கொஞ்சம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடும்மா" என்கிறார் அப்பா. நாற்பது தொழிலாளர்கள், எட்டு மாதம், வாரக் கூலி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சீசனுக்கு 1,300 வரிகளைத் தாண்டும். ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், பாத்தி எண், மூட்டை, கூலி விகிதம், முன்பணக் கழிவு, மிச்சம். இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, முதலாம் ஆண்டு மாணவி போடக்கூடிய ஒர்க்‌ஷீட்தான்.

கம்ப்யூட்டரில் அவள் இதை எப்படிச் செய்வாள்? கூலி விகிதம் ஒரே ஒரு செல்லில் இருக்கும். ஃபார்முலாவில் அந்தச் செல்லைத் தொட்டு எஃப்4 விசையை ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு டாலர் குறியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூலையைப் பிடித்து இழுத்தால் 1,300 வரிக்கும் ஃபார்முலா இறங்கிவிடும். எஃப்2 அடித்தால் செல்லுக்குள்ளேயே திருத்தலாம். போன வருடத்து முன்பணக் கணக்கைப் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வி-லுக்கப். கடைசியில் ஒரு பிவட் டேபிள் போட்டால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

டேப்லெட்டில் அதே வேலையைப் பாருங்கள். செல்லைத் தொட்டதும் திரையில் கீபோர்டு எழும்பிப் பாதி ஒர்க்‌ஷீட்டை மூடிவிடுகிறது. எஃப்2, எஃப்4 என்ற விசைகளே கிடையாது. டாலர் குறிக்குக் குறியீட்டுப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். 1,300 வரியை விரலால் இழுத்துத் தேர்ந்தெடுப்பது இருக்கிறதே, அது தனி தண்டனை. விரல் கொஞ்சம் வழுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து. எண்களை மட்டும் அடிக்க வசதியான ஒரு கீபோர்டு எக்செல் ஆப்பில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலு செல்லைத் திருத்த அது போதும். ஒரு சீசன் கணக்கை ஏற்ற அது போதாது.

"ப்ளூடூத் கீபோர்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். மாட்டலாம். அப்புறம் ஒரு மவுஸ், அப்புறம் நிறுத்தி வைக்க ஒரு கவர். இவை எல்லாவற்றையும் கூட்டினால் லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படியும் அது லேப்டாப் ஆகாது. ஏனென்றால் உண்மையான குறை கீபோர்டில் இல்லை, உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். எக்செல் என்ற அதே பச்சை ஐகான்தான் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே சரக்கு அல்ல. கம்ப்யூட்டர் எக்செலில் ஓடும் விபிஏ மேக்ரோக்கள் ஐபேடிலும் ஓடாது, ஆண்ட்ராய்டிலும் ஓடாது. சால்வர் கிடையாது. ஐபேடுக்கு எக்செல் வந்தது 2014-இல். அதில் புதிதாக ஒரு பிவட் டேபிள் போடும் வசதி வந்தது 2024-இல். பத்து வருடம்! இன்றைய ஐபேடுக்குள் இருக்கும் சிப் பல சாதாரண லேப்டாப்புகளை வேகத்தில் ஓரங்கட்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். எனவே "டேப்லெட்டுக்குச் சக்தி பத்தாது" என்பது பழைய கதை. வண்டியில் எஞ்சின் இருக்கிறது, கியர் பெட்டியைத்தான் பாதி கழற்றி வைத்திருக்கிறார்கள்.

காசு விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் விதிப்படி 10.1 அங்குலம் அல்லது அதற்குக் குறைவான திரை என்றால் மொபைல் ஆப்பில் அடிப்படைத் திருத்தங்களை இலவசமாகச் செய்யலாம். அதைவிடப் பெரிய திரை என்றால் சந்தா கட்ட வேண்டும், இல்லையென்றால் ஃபைலைப் பார்க்க மட்டுமே முடியும். பிள்ளை கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று அப்பா கூடுதல் காசு கொடுத்து 11 அங்குல டேப்லெட் வாங்கித் தருகிறார். அந்தக் கூடுதல் அங்குலமே எக்செலைப் பூட்டிவிடுகிறது. வேடிக்கைதான், ஆனால் சிரிப்பு வரவில்லை.

கூகுள் ஷீட்ஸ் பக்கம் போனாலும், கம்ப்யூட்டர் பிரவுசரில் இருக்கும் பல மெனுக்கள் டேப்லெட் ஆப்பில் இல்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம், முழுமையானது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் அந்த முழு லிப்ரே ஆபீஸ் டேப்லெட்டில் கிடைக்காது.

வேர்டுக்கு வருவோம். கடிதம் அடிப்பது, வாசிப்பது எல்லாம் டேப்லெட்டில் நன்றாகவே நடக்கும். ஆனால் அறுபது உறுப்பினர்களுக்குப் பெயர், முகவரி மாற்றி ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும் என்றால் மெயில் மெர்ஜ் வேண்டும். மொபைல் வேர்டில் அது இல்லை. தமிழ் விஷயம் இன்னும் மோசம். யூனிகோடில் அடித்ததாக இருந்தால் பிரச்சினை இல்லை. செல்லினம், ஜிபோர்டு புண்ணியத்தில் டேப்லெட்டில் தமிழ் அடிப்பதும் இப்போது சுலபம். ஆனால் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய ஃபைல்கள் ஊரெங்கும் கிடக்கின்றன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்த பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும், ஃபைல் படிக்கக் கிடைத்துவிடும். சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டியது போல இருக்கும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னொரு கதவும் சாத்தப்படுகிறது. அவர்கள் வேலைக்குப் போனால் முதலில் தொடப்போவது டாலி. டாலி பிரைம் விண்டோஸில் ஓடும் மென்பொருள். லைசென்ஸ் வாங்காமலே கல்விப் பயன்பாட்டு முறையில் அதைப் பழகலாம். (மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டும்தான் பதிவு போட விடுவார்கள். பழகுவதற்கு மூன்று நாள் போதாதா என்ன!) வருமான வரித் துறை தரும் எக்செல் படிவமும், ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கான ஆஃப்லைன் படிவமும் மேக்ரோவை நம்பி இருப்பவை. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது சரி. உப்பு ஏற்றிப்போகும் லாரிக்காரருக்கும், சாக்கு விற்பவருக்கும், ஊரில் இருக்கும் மற்ற கடைகளுக்கும் உண்டே. அவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து மாதம் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று அந்தப் பெண் நினைத்தால், டேப்லெட் அவளுக்கு எந்த விதத்திலும் உதவாது.

டேப்லெட்டின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. பாத்தி ஓரத்தில் நின்றபடி மூட்டை எண்ணிக்கையைப் பதிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பில்லைக் கேமராவில் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கலாம். சார்ஜ் நாள் முழுக்க நிற்கும். உப்புக் காற்று இரும்புக் கதவையே அரித்துவிடும் ஊரில், காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் இல்லாத கருவி என்பதும் ஒரு நன்மைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அப்படிப்பட்ட நாளில் அவசரமாக வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பைக்குள் சுலபமாகப் போவது டேப்லெட்தான். 2024-இல் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுத்ததும் டேப்லெட்தான், வகுப்பறையில் பதிவு போடுவதற்கு அது பொருத்தமானதே.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது கருவிக்கான நியாயம். வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருப்பவருக்கு டேப்லெட் ஒரு வசதி. வேறு எதுவுமே இல்லாத வீட்டில் அது நுழையும்போது அந்தப் பிள்ளையின் ஒரே கம்ப்யூட்டராகிவிடுகிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகம் செய்தபோதும் இதே குழப்பம்தான். ஏழு அங்குலத் திரை, 256 எம்பி ரேம், உலகத்திலேயே மலிவானது என்ற பெருமை வேறு. மலிவாக ஒரு கருவி தர முடியுமா என்று கேட்டவர்கள், அதில் மாணவன் என்ன வேலையைச் செய்து முடிப்பான் என்று கேட்கவில்லை. அதே 2011-இல் தமிழகம் பிளஸ் டூ மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்த லேப்டாப்பில் சினிமா பார்த்தவர்கள் உண்டு, விற்றவர்களும் உண்டு. ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்தவர்களும், டாலி பழகி வேலைக்குப் போனவர்களும் அதே லேப்டாப்பில்தான் அதைச் செய்தார்கள். முழு வேலையையும் செய்யக்கூடிய கருவியைக் கையில் கொடுத்தால்தான் வேலை செய்வதா, சினிமா பார்ப்பதா என்ற தேர்வே பிள்ளைக்கு வருகிறது.

கடைக்குப் போகும் அப்பாக்கள் கேட்க வேண்டிய கேள்வி "இதில் எக்செல் இருக்கிறதா?" என்பதல்ல. "இதில் டாலி ஓடுமா, மேக்ரோ ஓடுமா?" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் தானாகவே லேப்டாப் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். புதிது வாங்கக் காசு இல்லையென்றால், சர்வீஸ் செய்து விற்கும் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்வது, பெட்டி பிரிக்காத புது டேப்லெட்டைவிடப் படிப்புக்கு எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே டேப்லெட் வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? ஃபார்முலா எதுவும் போடாமல், தேதியையும் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் அதில் பதிந்து வையுங்கள். மிச்சத்தைக் கல்லூரி லேப்பில் உட்கார்ந்து முடிக்கலாம். ஆனால் பல கல்லூரிகளில் வகுப்பு முடிந்த கையோடு லேப் கதவும் பூட்டிவிடுகிறது. மரக்காணம் போக வேண்டிய பெண்ணுக்கு அடுத்த பஸ் வர இன்னும் நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் லேப்பைத் திறந்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் புது பட்ஜெட் தேவைப்படாது.