இராகு காலமா? சந்திரசேகரா?

நாரணாபுரத்துப் பட்டாசுத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம் என்பான். பச்சைக்குப் பேரியம், அதுவும் 2018இல் உச்சநீதிமன்றம் தடுக்கும் வரை, என்பான். உயிரைப் பணயம் வைத்துக் கற்ற கல்வி அது! எரியும் பொருளை அதன் ஒளியே காட்டிக்கொடுக்கிறது. எட்டாத விண்மீனில் என்ன இருக்கிறது என்று விஞ்ஞானி அறிவதும் இந்த வழியில்தான்.

அருகிலுள்ள சிவகாசி அச்சகங்களோ ஆண்டுதோறும் நாள்காட்டிகளை மலைமலையாகக் குவிக்கின்றன. தாளுக்குத் தாள் இராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்! விண்மீனின் முடிவைக் கணக்கிட்டுச் சொன்ன தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை எத்தனை தாளில் கண்டீர்கள்?

1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1930இல், 19 வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். 'கடல் கடந்தால் தீட்டு' என்ற சாத்திரம் கரையிலேயே நின்றுவிட்டது. கணக்கு மட்டும் அவரோடு சென்றது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் எதுவாயினும் வெண்குள்ளனாகச் சுருங்கி அமைதி கொள்ளும் என்பது அன்றைய பெரியவர்களின் முடிவு. இளைஞரின் கணக்கு மறுத்தது. ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டால் அந்த அமைதி இல்லை, சுருக்கம் நிற்காது!

1935 சனவரி 11. இலண்டன் அரச வானியல் கழகம். சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் எடிங்டன் எழுந்தார். 1919 கிரகணத்தின்போது ஐன்ஸ்டீன் கொள்கைக்குச் சான்று தந்த பேரறிஞர். விண்மீன் இவ்வாறு நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்றார். அவை சிரித்தது. இருக்க வேண்டுமாம்! எங்கே இருக்கிறது? நம்மூர்ப் பஞ்சாங்கக்காரர் பேசும் பேச்சன்றோ இது? பவுலி போன்ற மேதைகள் தனிமையில் 'உன் கணக்கே சரி' என்றனர். மேடையேறிச் சொல்லத்தான் ஆளில்லை. எனக்கு எடிங்டனின் ஏளனத்தைவிட இந்த மௌனமே கசக்கிறது.

சந்திரசேகர் பணியவில்லை, பகைக்கவுமில்லை. 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றிய நூலில் தம் கணக்கை முழுமையாக வைத்தார். 1950இல் கதிர்வீச்சு பரவுதல், 1961இல் பாய்மங்களின் நிலைப்பாடு, 1983இல் கருந்துளைகளின் கணிதம் என, துறைக்கொரு பெருநூல் தந்தார். அந்த 1983இல்தான் நோபல் பரிசும் வந்தது. தம்மை மறுத்த எடிங்டனை அதற்கு முந்தைய ஆண்டு சொற்பொழிவில் மனமாரப் போற்றவும் செய்தார். பெரியவரை மதிக்கலாம், அவர் சொன்னதற்காகக் கணக்கை மாற்ற முடியுமா?

'அவர் எங்கள் குலம்' என்று மார்தட்டுவோர் உண்டு. 'அவர் அந்தக் குலம், நமக்கென்ன?' என்று முகம் திருப்புவோர் நம்மிலும் உண்டு. இரு சாராருக்கும் ஒரு செய்தி: தாம் ஒரு நாத்திகர் என்று அவரே சொன்னார்.

1995இல் மறைந்தார். அந்த ஆண்டு வந்த கடைசி நூல், நியூட்டனின் பிரின்சிப்பியாவைச் சாதாரண வாசகருக்கு விளக்குவது. (பெயர்தான் சாதாரணம், படிக்க உழைக்க வேண்டும்!) இவருடைய நூல்களில் எத்தனை, அந்தப் பட்டாசுத் தொழிலாளியின் கைக்குத் தமிழில் எட்டியிருக்கின்றன? தாளுக்கும் மைக்கும் அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லையே!