பாராசூட் கயிறு உங்களைத் தாங்காது

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், ஹம்மாக் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. இரண்டு மரங்களுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி, அதில் சிரித்தபடி ஒருவர், கீழே ராணுவத் தரப் பாராசூட் கயிறு என்றும் 250 கிலோ தாங்கும் என்றும் கொட்டை எழுத்து. உங்கள் எடை 80 கிலோதானே, மூன்று மடங்கு பலம் இருக்கிறதே என்று விற்பவர் சொல்கிறார்; வாங்கியவர் அதையே நாலு பேருக்குச் சொல்கிறார். கயிறு கெட்டியாக இருந்தால் எதில் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்ற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. கயிறு எந்தக் கோணத்தில் இறங்குகிறது, மரத்தை எவ்வளவு அகலமாகப் பற்றுகிறது என்ற இரண்டையும் சொல்லாமல் கிலோவை மட்டும் சொல்வது ஆபத்தான அரைகுறைப் பேச்சு.

பள்ளிக்கூட இயற்பியலே இதற்குப் போதும். இரண்டு பக்கமும் கட்டித் தொங்கும் படுக்கையில் 80 கிலோ எடையுள்ளவர் படுத்தால், பக்கத்துக்கு 40 கிலோ என்று பங்கு பிரிவதில்லை. கயிறு கிடைக்கோட்டுக்கு 30 பாகை சாய்ந்து இறங்கினால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை ஏறுகிறது. சாய்வை 10 பாகையாகக் குறைத்தால் அது ஏறத்தாழ 230 கிலோ. 5 பாகைக்கு இழுத்தால் 460 கிலோவை நெருங்குகிறது. ஆளும் அதே ஆள், எடையும் அதே எடை. விளம்பரப் படத்தில் காட்டும் அந்த விறைப்புத்தான் இத்தனை சுமையையும் கூட்டுகிறது. துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரப் போர்வையைப் போட்டதும் நடுவில் தொய்வதையும், கட்டிய ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பாராசூட் கயிற்றை எடுத்துக்கொள்வோம். பாராகார்ட் என்று விற்கப்படும் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றின் ராணுவ விவரக்குறிப்பு 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ. அது அறுந்துபோகும் அளவு. நிம்மதியாகத் தாங்கும் அளவு என்று எங்கும் சொல்லப்படவில்லை. அதிலும் முடிச்சில்லாத நேர்க்கயிற்றுக்கான எண் அது. முடிச்சு விழுந்த இடத்தில் பலம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் கையில் மிஞ்சுவது 125 கிலோ. விறைப்பாகக் கட்டிய ஹம்மாக் கேட்பதோ 230 கிலோ. தொப்பென்று உட்கார்ந்தால் அதற்கு மேலும் கேட்கும். ராணுவத்தில் இதைத்தானே நம்பிக் குதிக்கிறார்கள் என்று வாதாடுபவர்கள் பாராசூட்டை ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மனிதனைத் தாங்குவது ஒற்றைக் கயிறு இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட கயிறுகள் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இந்தப் பங்கீட்டை மறைத்துவிட்டு, அதில் ஒன்றை மட்டும் உருவி மரத்தில் கட்டச் சொல்வது வாங்குபவர் உயிரோடு விளையாடுவது.

பல வருடமாகப் பாராகார்டில்தான் படுக்கிறோம், ஒருநாளும் அறுந்ததில்லை என்பார்கள். அறுந்துபோகாமல் காப்பாற்றியது அந்தக் கயிற்றின் குறைதான். நைலான் சுமையில் நீளும். ராத்திரி ஏறிப் படுத்ததும் கயிறு மெல்ல மெல்ல நீண்டு, தொய்வு கூடி, கோணம் செங்குத்தாகி, இழுவிசை குறைந்துவிடுகிறது. இடுப்பு தரையைத் தொடும்போது விடிகிறது. பனியிலோ மழையிலோ நனைந்த நைலான் இன்னும் தளரும், பலமும் கொஞ்சம் குறையும். சாய்வு வேண்டும் என்பதை அந்தக் கயிறே ராத்திரி முழுக்கச் சொல்கிறது. காலையில் எழுந்தவர் அதை முன்னைவிட விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார். தொய்வாகக் கட்டினால் முதுகு வளையுமே என்ற கேள்விக்கு, மெக்சிகோவின் யுகடானிலும் வடகிழக்கு பிரேசிலிலும் தலைமுறை தலைமுறையாக ஹம்மாக்கில் தூங்குகிறவர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அவர்கள் ஆழமாகத் தொய்யவிட்டுக் கட்டி, குறுக்குச் சாய்வாகப் படுக்கிறார்கள். அப்படிப் படுத்தால் முதுகு ஏறக்குறைய மட்டமாக நிற்கும்.

அறுகிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிவதில்லை. மரம் என்று ஒன்று இருக்கிறது. மரப்பட்டைக்கு அடியில், இலையில் உண்டான உணவை வேருக்கு இறக்கும் திசுவும் தண்டைப் பருக்கவைக்கும் மெல்லிய உயிரடுக்கும் வளையமாக இருக்கின்றன. அந்த வளையம் சுற்றிலும் நசுங்கினால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். 230 கிலோ இழுப்பை 4 மில்லிமீட்டர் கயிறு கோடாகப் போட்டு அழுத்துகிறது. 25 மில்லிமீட்டர் அகல நாடா, அதாவது ஸ்ட்ராப், அதே இழுப்பை ஆறு மடங்கு அகலத்தில் பரப்புகிறது. அமெரிக்காவில் ஹம்மாக் கட்ட அனுமதிக்கும் பூங்காக்கள் பல, அகலமான ஸ்ட்ராப் இல்லாமல் கட்டக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான். நம்மூரில் தென்னையில் கட்டுகிறோம், அதற்கென்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. தென்னைக்கு அந்த வளையமே கிடையாது, அதனால் ஒரு ராத்திரியில் பட்டுப்போகாது. ஆனால் அதே காரணத்தால் தண்டில் விழுந்த காயமும் ஒருநாளும் மூடாது. தேங்காய் தலையில் விழும் என்பது தனிக்கதை.

இழுவிசையைச் சொல்லாத இந்த வியாபாரம் வேறு கேடுகளையும் கூடவே கொண்டுவருகிறது. சாவிக்கொத்துக்காகச் செய்த, தாங்குதிறன் பொறிக்காத அலுமினியக் கொக்கியைக் கயிற்றோடு இலவசமாகக் கொடுக்கிறார்கள். வீட்டு முகப்பின் செங்கல் தூணில் கட்டும் வழக்கத்தை யாரும் தட்டிக்கேட்பதில்லை. தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது, பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அல்ல. 30 பாகையில் கட்டினாலும் 80 கிலோ ஆள் அதைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுக்கிறார். 5 பாகையில் அது 450 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவில் இப்படித் தூண் சரிந்து ஹம்மாக்கில் இருந்த பிள்ளைகள் செத்துப்போயிருக்கிறார்கள். அங்கே கயிறு அறுந்துபோகவில்லை. கயிறு கெட்டி என்ற நம்பிக்கை அங்கே யாரைக் காப்பாற்றியது?

டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் உண்டு. அது நீளாது, பலமும் அபாரம். ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நழுவிவிடும். மெல்லிய டைனீமா நேராக மரத்தைச் சுற்றினால் பாராகார்டைப் போலவே மரப்பட்டையில் பதியும். ஸ்ட்ராப்புக்கும் படுக்கைக்கும் நடுவே, முடிச்சுப் போடாமல் பின்னி இணைத்துப் பயன்படுத்துவதுதான் அதற்குரிய இடம். மரத்தைச் சுற்ற வேண்டியது குறைந்தது ஓர் அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் ஸ்ட்ராப். அது நைலானைப் போல நீளாது, வெயிலையும் தாங்கும். கோணம் பார்க்கக் கருவி தேவையில்லை. சுட்டுவிரலைக் கிடையாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோட்டோடு ஸ்ட்ராப் ஒட்டிப்போனால் 30 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். விற்பவர்கள் இனியாவது உறையில் கிலோவோடு கோணத்தையும், அது அறுபடும் எடையா பாதுகாப்பான எடையா என்பதையும் அச்சிட வேண்டும். அது இல்லாத உறையைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.