அப்பா, ஒப்பா, பாவா: எல்லைப்புற மாணவியும் கொரியத் தொடர்களும்

கல்லூரி மாணவியர் கொரியத் தொடர்கள் பார்ப்பதைப் பற்றி இரண்டு வகையான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, பெற்றோரும் பேராசிரியர்களும் பேசுவது: இது வீண்பொழுது; படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்கும் மோகம். மற்றொன்று, மொழிப்பற்றாளர்கள் பேசுவது: கொரிய மொழியிலும் ‘அப்பா’ உண்டு, ‘அம்மா’வை ஒத்த சொல் உண்டு, தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உள்ள தொப்புள்கொடி உறவுதான் நம் பிள்ளைகளை ஈர்க்கிறது. முதல் பேச்சு மாணவியைக் குறைத்து மதிப்பிடுகிறது. இரண்டாவது மொழியியலைக் குறைத்து மதிப்பிடுகிறது. தொடர் பார்க்கும் நேரத்தில் அந்த மாணவி உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற எளிய கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை.

இக்கேள்வியைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பின. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு பலமுறை நகர்ந்தபோதும் வீட்டு மொழி அதனுடன் நகரவில்லை. வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், வகுப்பறையில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளரும் மாணவர்கள் இங்கே இன்றும் உள்ளனர். அவர்களுள் ஒரு பகுதியினர் தமிழைத் தடையின்றிப் பேசுவர். ஆனால் பேருந்தின் தமிழ்ப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாது. அத்தகைய ஒரு மாணவியே இக்கட்டுரையின் மையம். அவர் தனியொருவர் அல்லர், ஒரு வகைமாதிரி. சித்தூரில் வீடு, திருப்பதியில் கல்லூரி, கைப்பேசியில் கொரியத் தொடர், மனத்தில் சியோலில் மேற்படிப்பு அல்லது மொழிபெயர்ப்பாளர் பணி.

இத்தொடர்கள் நேற்று வந்தவை அல்ல. 2010களின் நடுப்பகுதியில் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ போன்றவற்றைப் புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்பியது. பின்னர் இணையத் தளங்கள் வந்தன. பெருந்தொற்றுக் கால முடக்கம் வந்தது. 2021இல் ‘ஸ்குவிட் கேம்’ வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ‘ஒப்பா’, ‘உன்னி’, ‘ஹால்யு’ முதலான 26 கொரியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. வழக்கமான கொரியத் தொடர் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேர அத்தியாயங்கள் பதினாறு கொண்டது. நம் பல்கலைக்கழக முறையில் ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு. ஆக, மாணவி ஒரு தொடரை முடிக்கும்போது ஒரு கிரெடிட்டுக்குரிய நேரம் கொரிய மொழியைக் கேட்டிருக்கிறார். அந்த நேரம் கல்வியாயிற்றா என்பது வேறு கேள்வி. கேட்டல் நிகழ்ந்தது என்பதை மறுக்க முடியாது.

அவர் எதைக் கேட்கிறார்? ‘புரிந்தது’ என்பதற்குக் கொரிய மொழியில் நெருக்கமானவரிடம் ‘அராசொ’ என்பர். சற்று மரியாதை வேண்டிய இடத்தில் ‘அராசொயோ’ என்பர். வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் அந்த ‘யோ’, பேசப்படும் பொருளைப் பற்றியதன்று. எதிரே நிற்பவரைப் பற்றியது. தொடர்களில் இருவரிடையே அந்த ‘யோ’ உதிரும் கணம், காதல் அல்லது பகை தொடங்கும் கணமாக அமைவதுண்டு. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒரே சொற்றொடர்தான். அந்தக் கணம் அங்கே காணாமற்போகிறது. ஆனால் ‘ஆமா’ என்பதற்கும் ‘ஆமாங்க’ என்பதற்கும், தெலுங்கில் ‘அவுனு’ என்பதற்கும் ‘அவுனண்டி’ என்பதற்கும் உள்ள தொலைவை அறிந்த காதுக்கு அது தப்புவதில்லை. ‘நீங்கள்’ ‘நீ’யாக மாறும்போது ஓர் உறவே இடம் மாறுகிறது என்பது தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்லித் தர வேண்டிய செய்தி அன்று. ஆங்கிலத்தின் வழியாக மட்டும் இத்தொடர்களைப் பார்ப்பவரை விட இம்மாணவி கூடுதலாகக் கேட்கிறார். அந்தக் கூடுதல் அவருடைய இரு வீட்டு மொழிகளும் தந்த கொடை.

இனி, தொப்புள்கொடி உறவுக்கு வருவோம். திராவிட மொழிகளையும் கொரிய மொழியையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இல் ஒரு நூலே எழுதினார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு காண முயன்றவர் சுசுமு ஓனோ. அயுதா நாட்டு இளவரசி கி.பி. 48இல் கடல் கடந்து சென்று கொரிய அரசரை மணந்தார் என்னும் கதை, 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யூசா’வில் உள்ளது. அந்த அயுதா அயோத்தியா, தமிழகமா என்ற வாதம் இன்றும் தொடர்கிறது. இவையெல்லாம் அறிவு வரலாற்றில் சுவையான பக்கங்கள். ஆனால் மொழிக்குடும்ப உறவு என்பது ஒத்தொலிக்கும் சொற்களின் பட்டியலால் நிறுவப்படுவதன்று. முறையான, மீண்டும் மீண்டும் நிகழும் ஒலி இணைவுகளும் அவற்றிலிருந்து மீட்டுருவாக்கத்தக்க மூல வடிவங்களும் வேண்டும். கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் இடையே அவை நிறுவப்படவில்லை. கொரிய மொழியைத் தனித்து நிற்கும் சிறு குடும்பமாகவே மொழியியலாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர்.

‘அப்பா’, ‘அம்மா’ போன்றவை உறவுக்குச் சான்றாக நிற்க மாட்டாதவை. குழந்தையின் வாயில் முதலில் எளிதாக எழுவன இதழ் மூடித் திறக்கும் ஒலிகள். அவற்றைப் பெற்றோர் தமக்குரிய பெயராக எடுத்துக்கொள்கின்றனர். உலகின் பல மொழிகளில் இச்சொற்கள் ஒத்திருப்பதன் காரணத்தை ரோமன் யாக்கப்சன் இவ்வழியில் விளக்கியுள்ளார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை. அதைக் கொண்டு எந்த உறவும் பேச முடியாது.

உண்மையில், உறவுச்சொற்கள் இரு பண்பாடுகளின் ஒற்றுமையை விட வேற்றுமையையே கூர்மையாகக் காட்டுகின்றன. கொரியப் பெண் தன் அண்ணனை ‘ஒப்பா’ என்பார். ஆண் தன் அண்ணனை ‘ஹ்யோங்’ என்பார். அழைப்பவரின் பாலும் சொல்லைத் தீர்மானிக்கிறது. தமிழில் ‘அண்ணன்’ இருவருக்கும் பொது. மேலும், தொடரின் நாயகி தன் காதலனையும் ‘ஒப்பா’ என்றே அழைக்கலாம். தமிழில் ஒருவரை ‘அண்ணா’ என்று அழைத்தால் காதலுக்கான கதவு அங்கேயே அடைபடுகிறது. சித்தூர் மண்ணில் அந்த இடத்தை நிரப்பும் சொற்கள் தமிழில் ‘மாமா’வும் ‘அத்தான்’உம், தெலுங்கில் ‘பாவா’வும். காரணம் திருமண முறை. அத்தை மகனும் தாய்மாமனும் இங்கே முறைமாப்பிள்ளைகள். கொரியாவிலோ, ஒரே குலப்பெயரும் ஒரே பூர்விக ஊரும் உடையவர்கள் மணக்கலாகாது என்ற சட்டம், 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நிராகரிக்கும் வரை நடைமுறையில் இருந்தது. நெருங்கிய இரத்த உறவில் மணம் இன்றும் அங்கே தடைசெய்யப்பட்டதே. ‘ஒப்பா’வை ‘அண்ணா’ என்று மொழிபெயர்த்தால் கதை கெடும். ‘மாமா’ என்று மொழிபெயர்த்தால் சமூகம் மாறும். முதுகலை வகுப்பில் ஒரு வாரம் விவாதிக்கத்தக்க இச்சிக்கலைத் தொடர் பார்க்கும் மாணவி ஏற்கெனவே சந்தித்திருக்கிறார். அதற்குப் பெயர் வைக்க மட்டும் அவருக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

இரத்த உறவு இல்லை என்பதால் ஒப்பீடு பயனற்றதாகிவிடாது. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். வினை இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதைச் சொல் வரிசை மாறாமலே கொரிய மொழியில் சொல்லலாம். ஆங்கிலத்தின் வழி கொரிய மொழி கற்பவர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தமிழ், தெலுங்கு வழி கற்பவருக்கு அந்த உழைப்பு மிச்சம். ஆயினும் இம்மாணவர்கள் பயன்படுத்தும் செயலிகளும் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே அமைந்துள்ளன. பக்கத்து வீட்டுக்குச் செல்ல ஊரைச் சுற்றி வரும் பயணம் அது.

எழுத்தில் இது இன்னும் தெளிவு. அரசர் சேஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குலில் இன்று 14 மெய்களும் 10 உயிர்களுமாக 24 அடிப்படை எழுத்துகள் உள்ளன. அடிப்படை மெய்களின் வடிவம் வாயுறுப்புகளின் நிலையை ஒட்டி வகுக்கப்பட்டது. எழுத்தொலி பிறக்கும் இடத்தை விரித்துரைக்கும் தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவருக்கு இந்தச் சிந்தனை அந்நியமாகத் தோன்றாது. ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘தங்க’த்தில் வேறு விதமாகவும் ஒலிக்கும் ககரத்திற்குத் தமிழ் ஒரே எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. கொரிய மொழியில் ‘கோகி’, அதாவது இறைச்சி, என்னும் சொல்லின் இரு ககரங்களும் அவ்வாறே: சொல்முதலில் வல்லொலி, இடையில் மெல்லிய ஒலிப்பு, எழுத்து ஒன்றே. ஆங்கில எழுத்தில் இரண்டையும் எப்படி எழுதுவது என்று தடுமாறும் மாணவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருந்தால் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

இங்கேதான் உறுத்தும் உண்மை ஒன்று நிற்கிறது. ஹங்குலைத் தாமாகவே, எவருடைய கட்டாயமும் இன்றிக் கற்றுக்கொண்ட இம்மாணவிக்குத் தம் வீட்டு மொழியின் எழுத்து தெரியாது. இதைக் கண்டு ‘அயல்மோகம் தாய்மொழியை விழுங்கிவிட்டது’ என்று வருந்துவோர் காலவரிசையை மறந்துவிடுகின்றனர். கொரிய மொழி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அவர் படித்த பள்ளியில் தமிழுக்கு இடம் இல்லாமற்போயிற்று. தொடர்கள் எதையும் பறிக்கவில்லை. அவை ஒன்றை மெய்ப்பித்திருக்கின்றன. இருபது வயதில் புதிய எழுத்தைக் கற்கும் ஆற்றல் இவர்களுக்கு உண்டு. கற்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவே. ‘உன் கடமை’ என்று தமிழ் அவரிடம் வந்தது. ‘அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும்’ என்று கொரிய மொழி வந்தது.

மாணவியின் இலக்குகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தொடர் பார்த்தலே மொழிக்கல்வி ஆகிவிடாது. கொரிய மொழித்திறன் தேர்வான டோபிக்கில் ஆறு நிலைகள் உள்ளன. மூன்றாம் நிலை முதல் எழுத்துத் தேர்வும் உண்டு. நூறு மணி நேரம் கேட்டவர் பத்து வரி எழுத முடியாமல் நிற்பது இயல்பு. திரையில் தெரியும் சியோல், பணிச்சுமையும் வீட்டு வாடகையும் நெரிக்கும் நகரமும்கூட. 2023இல் தென்கொரியாவின் மகப்பேற்று விகிதம் பெண்ணுக்கு 0.72 ஆகச் சரிந்ததற்கு அங்குள்ள இளையோரின் வாழ்க்கை நெருக்கடியும் ஒரு காரணம். இவற்றை அவரிடம் மறைக்கக் கூடாது. அதே வேளையில் அவருடைய இலக்கு வெறுங்கனவும் அன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், பெனுகொண்டாவில் கியாவும் இயங்குகின்றன. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் எல்ஜி ஆலைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழும் தெலுங்கும் பேசி, கொரிய மொழியும் எழுதத் தெரிந்தவருக்கு இந்த வட்டாரத்தில் வேலை இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

குறைபாடு நிறுவனங்களிடம் உள்ளது. 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் திருப்பதியில் உள்ளன. திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் உள்ளது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் கொரிய மொழியையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இவ்வளவு இருந்தும், மாணவியின் ஆர்வத்தைக் கல்வியாக மாற்றும் படிக்கட்டு ஒன்று அமைய வேண்டியிருக்கிறது. அதற்குப் பெருநிதி தேவையில்லை. தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாதவர்களுக்கென, ஹங்குலோடு ஒப்பிட்டுத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் 30 மணி நேர, இரண்டு கிரெடிட் பாடம் ஒன்று போதும். மொழியியல், மொழிபெயர்ப்பு வகுப்புகளில் ஒரு தொடரின் பத்து நிமிடக் காட்சியைத் தமிழிலும் தெலுங்கிலும் பெயர்க்கச் செய்து, எந்த வரியில் ‘நீ’, எந்த வரியில் ‘நீங்கள்’ என்று தேர்ந்ததற்குக் காரணம் எழுதச் சொல்லலாம். கொரிய இலக்கணத்தைத் தமிழ், தெலுங்கு வழியாக விளக்கும் சிறு கையேடு ஒரு முனைவர் பட்ட மாணவரால் இயலக்கூடிய பணி.

தென்கொரிய அரசு 2012இல் கிங் சேஜோங் நிறுவன அறக்கட்டளையை அமைத்து, உலகெங்கும் மொழி வகுப்புகளை வளர்க்கிறது. தொடர் தூண்டிய ஆர்வம் அணைவதற்குள் ஒரு வகுப்பறை கண்ணில் பட வேண்டும் என்பதை அந்நாடு அறிந்திருக்கிறது. தமிழுலகம் இதிலிருந்து கற்கத் தக்கது ‘அப்பா’ என்ற சொல்லின் தொன்மையை அன்று, அந்த ஏற்பாட்டை. எல்லைக்கு அப்பால் தமிழ் பேசும் ஒரு பெண், தாமாகவே ஓர் எழுத்துமுறையைக் கற்று, மொழி கற்கும் திறன் தமக்கு உண்டு என்று காட்டிவிட்டார். அவருடைய தொடர்மோகத்தைப் பழிப்பதும், அதில் தமிழின் பெருமையைத் தேடுவதும் எளிய வேலைகள். அவருக்கு ஒரு வகுப்பைத் திறப்பதே கடினமான வேலை. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதும் அதுவே.