மேலே சந்தனம், உள்ளே புழுதி

ஆயுத பூஜை அன்று நம் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். கார், பைக், ஆட்டோ எல்லாம் குளித்து முடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, சாமந்தி மாலையோடு நிற்கும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. ஆனால் அத்தனை கார்களில் எத்தனை கார்களின் பானெட்டை அன்று திறந்தார்கள்? ஆயுதம் இருப்பது பானெட்டுக்குக் கீழே. பூஜை நடப்பதோ மேலே இருக்கும் தகரத்துக்கு.

காரின் இன்ஜின் பகுதியை வருடத்துக்கு இரண்டு முறை வீட்டிலேயே, நம் கையாலேயே, பிரஷ்ஷும் துணியும் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பளபளப்புக்காகச் சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த ஊர்க்காரருக்கும் இது பொருந்தும். ஆனால் ரமணாசிரமம் பகுதியில் இருக்கும் நமக்குக் கூடுதலாகப் பொருந்தும். செங்கம் சாலைப் புழுதி ஒரு பக்கம். மரங்கள் இன்னொரு பக்கம். புளிய இலை இருக்கிறதே, அது பொடிப்பொடியாக உதிர்வதால் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் இடத்துச் சல்லடை வழியாக நேராக உள்ளே இறங்கிவிடும். மாசி, பங்குனியில் வேப்பிலைச் சருகு. அதன் பின்னாலேயே வேப்பம்பூ. குரங்கு வெளியே வைப்பரை இழுத்துப் பார்க்கும். அணிலும் எலியும் உள்ளே குடித்தனம் நடத்தும். இதற்கு மேல், நம் வயதுக்காரர்களின் கார் வாரத்தில் ஒரு நாள் கடைக்கு, மாதத்தில் ஒரு நாள் டாக்டரிடம் என்றுதான் ஓடுகிறது. பௌர்ணமி, தீபம் என்றால் கிரிவலக் கூட்டத்தில் வண்டியை வெளியே எடுக்கவே முடியாது. அசையாமல் நிற்கும் கார் எலிக்கு வாடகை இல்லாத வீடு.

அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையே இருந்ததில்லை. அந்த பானெட்டைத் தூக்கினால் 1489 சி.சி. இன்ஜினைச் சுற்றி இவ்வளவு இடம் இருக்கும். நடுநடுவே தரை தெரியும். வெளியூர் கிளம்பும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது, டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்பது, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என்று ஏதாவது ஒரு சாக்கில் பானெட் திறந்துகொண்டே இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது; திறக்க வேண்டிய அவசியம் குறைந்தது. அந்த இரண்டு கார்களின் உற்பத்தியும் ஒரே வருடத்தில், 2014-இல், நின்றுபோனது. இப்போது வரும் கார்களில் இன்ஜின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் மேல் கம்பெனி பெயர். சர்வீஸுக்கு விடுகிறவரை யாரும் திறப்பதில்லை. சர்வீஸில் திறந்தாலும் நாம் கூட நின்று பார்ப்பதில்லை.

இதில் என்ன ஆபத்து? நம்மில் பலருடைய கார் 15 வருடப் பதிவு முடிந்து, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்து ஓடுகிறது. ரப்பரும் வயரும் வயதானவை. ஆயில் கசிந்து, அதில் புழுதி ஒட்டி, அதன் மேல் சருகு விழுந்து, பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இருந்தால் அது அடுப்புக்கு விறகு அடுக்கி வைத்த மாதிரிதான். தீப்பிடிக்காவிட்டாலும், எலி கடித்த ஒரு வயர் போதும், வழியில் நிறுத்திவிடும். நாம் அவசரமாகக் காரை எடுப்பது பெரும்பாலும் எதற்கு? வேலூருக்கோ புதுச்சேரிக்கோ ஆஸ்பத்திரிக்கு. மூச்சுத் திணறுகிறவரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு நடுவழியில் நிற்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நான் சொல்வது அழகு விஷயம் அல்ல என்பது புரியும்.

“அதுக்கென்ன சார், வாட்டர் சர்வீஸ்ல விட்டா நல்லா தண்ணி அடிச்சு பளபளன்னு கொடுத்துடுவாங்க” என்பார்கள். தண்ணி அடிப்பது மனிதனுக்கு எவ்வளவு கெடுதலோ, இன்ஜினுக்கும் அவ்வளவு கெடுதல். மழையில் மேலிருந்து நாலு துளி தெறிப்பதைத் தாங்கும்படிதான் உள்ளே இருக்கும் கனெக்டர்களைச் செய்திருக்கிறார்கள். பம்ப் வைத்து அழுத்தி அடிக்கும் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். ஸ்பார்க் பிளக் குழிக்குள் தேங்கும். ஆல்டர்னேட்டர் பேரிங்கில் இருக்கும் கிரீஸைக் கழுவி எடுத்துவிடும். அன்றைக்கே ஸ்டார்ட் ஆகாவிட்டால்கூடப் பரவாயில்லை, காரணம் தெரியும். மூன்று மாதம் கழித்து ஒரு பின் பச்சை பூத்து வண்டி திணறும்போது யாருக்கும் காரணம் தெரியாது. ஓடி வந்த சூட்டோடு சில்லென்ற தண்ணீரை அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு வழக்கம், கழுவி முடித்ததும் டீசலையோ ஏதோ ஒரு எண்ணெயையோ ஸ்ப்ரே செய்து மினுக்குவது. இரண்டு நாள் கண்ணைப் பறிக்கும். மூன்றாம் நாள் முதல் அந்த எண்ணெய்ப் பசையில் ஊர்ப் புழுதி எல்லாம் வந்து ஒட்டும். ரப்பர் ஹோஸ் ஊறி இளகும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: இன்ஜின் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மின்னினால் சந்தேகப்படுங்கள். கசிவை மறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? வேண்டிய சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருப்பவை. இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்று, பழைய டூத் பிரஷ் இரண்டு, கிழிந்த பருத்தி வேட்டி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சோப், ஸ்ப்ரே பாட்டில், ஆப்ப சோடா, வாஸ்லின், சில பாலிதீன் பைகள், ரப்பர் கையுறை, ஒரு டார்ச்.

காலை நேரத்தில், ராத்திரி முழுக்க நின்று ஆறிய காரில் தொடங்குங்கள். முதலில் கைபேசியில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் பிறகு வராது. அடுத்தது பேட்டரி. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால்கூடப் பொறி பறக்காமல் இருப்பதற்காக இந்த வரிசை. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்தப் பயமும் இல்லை. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் மட்டுமல்ல, ஊதுபத்திகூட வேண்டாம்.

பிறகு, துளி ஈரமும் படாமல் உலர் வேலை. இதுதான் முக்கால்வாசி வேலை. சருகுகளைக் கையால் பொறுக்குங்கள். பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகப் புழுதியைத் தட்டிவிடுங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடைப் பள்ளத்தை மறக்காதீர்கள். மழைத் தண்ணீர் இறங்கிப் போக அங்கே இரண்டு ஓரமும் ஓட்டை இருக்கும். புளிய இலை அதை அடைத்துவிட்டால், தீபத்தை ஒட்டிப் பெய்யும் மழையில் தண்ணீர் ஏ.சி. காற்று வரும் வழியாகக் காருக்குள் இறங்கி, காலடி மேட் நனைந்து நாறும். கதவு ஒழுகுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

உலர் வேலை முடிந்ததும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், காயில் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூடுங்கள். சோப்புத் தண்ணீரை எண்ணெய்ப் பிசுக்கின் மேல் நேராக அடிக்காமல், துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். இடுக்குகளுக்கு டூத் பிரஷ். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தால் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டையும் கிட்டே கொண்டு வராதீர்கள். பெல்ட் மேல் எந்தப் பாலிஷும் படக் கூடாது, பட்டால் வழுக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மென்மையான பிரஷ்ஷால் மேலும் கீழுமாக மட்டும் தடவுங்கள்; அழுத்தினால் மடங்கிவிடும். கலப்பின கார், மின்சார கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே போகக் கூடாது.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பொங்கி அடங்கும். பேட்டரி மூடிகளுக்குள் அது இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, காய்ந்தபின் டெர்மினலை மாட்டி, மேலே லேசாக வாஸ்லின். புதுப்பிக்கும் வேலை என்று பார்த்தால், துரு பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் தொடலாம். அதற்கு மேல் ஜோடனை தேவையில்லை.

பானெட்டை ஒரு மணி நேரம் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். உள்ளே வைத்த பை எத்தனை, துணி எத்தனை, வெளியே எடுத்தது எத்தனை என்று ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் எண்ணுவது போல எண்ணுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் சேருங்கள். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவாததில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகள் வழியாக நம் ஏரிகளுக்குத்தான் போகிறது. நம் இன்ஜின் எண்ணெய் அதோடு போக வேண்டாம்.

இப்போதுதான் உண்மையான பலன். சுத்தமான இன்ஜினில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டாப்பெட் கவர் ஓரத்தில் புதிதாக ஈரம் தெரிந்தால் பேக்கிங் போயிருக்கிறது. ஹோஸ் மூட்டில் உப்புப் பூத்த மாதிரி இருந்தால் கூலண்ட் கசிகிறது. பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே பெயின்ட் உரிந்திருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே மெக்கானிக்கைப் பாருங்கள். பிரேக் ஆயில்தான் பெயின்ட்டைத் தின்னும். ராத்திரி காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புச் சொட்டு என்றால் ஆயில், பச்சை அல்லது ரோஸ் என்றால் கூலண்ட், வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர். அழுக்கு இன்ஜினைக் கொண்டுபோய் விட்டால் மெக்கானிக், “எங்க லீக்குன்னே தெரியல சார், எல்லா பேக்கிங்கையும் மாத்திடலாம்” என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சேற்றுக்குள் அவர் எப்படித் தேடுவார்? சுத்தமான இன்ஜினில் அவர் விரலை வைத்துக் காட்டுவார். ஒரு பேக்கிங் செலவோடு போகும்.

எலி விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எலிப் புழுக்கை, பாதி கடித்த புளியங்கொட்டை, பஞ்சு இதெல்லாம் தென்பட்டால் உடனே விஷம் வைக்க ஓடாதீர்கள். எலியின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை. அது எதையாவது கடித்தே தீரும். விஷம் தின்ற எலி ஏ.சி. குழாய்க்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகாது. வெளியே செத்தால் அதைத் தின்னும் ஆந்தையும் நாயும் பூனையும் சேர்ந்து சாகும். 1948-இல் பசு லட்சுமிக்குச் சமாதி கட்டிய இடம் இது. மானுக்கும் நாய்க்கும் காகத்துக்கும்கூட அங்கே சமாதி உண்டு. அந்த ஆசிரமத்தின் மதிலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு விஷ உருண்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தேவையும் இல்லை. ராத்திரி பானெட்டைத் தூக்கி நிறுத்தி வைத்தால் போதும். எலிக்கு வேண்டியது இருட்டும் கதகதப்பும்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை வண்டியை நகர்த்துங்கள். அரிசியும் தேங்காய் மூடியும் கார் பக்கம் கிடக்க வேண்டாம். புகையிலையைத் துணியில் முடிந்து கட்டுகிறவர்களும் உண்டு. அந்துருண்டை மட்டும் வேண்டாம். அதன் வாடை ஏ.சி. வழியாக நம் மூக்குக்குத்தான் வரும்.

“ஓடுற வண்டியை நோண்டக் கூடாது சார்” என்று ஒரு வாதம் இருக்கிறது. அதில் பாதி உண்மை. பழைய கிளிப்பும் கனெக்டரும் முறுக்கு மாதிரி உடையும். அதனால்தான் எதையும் கழற்றச் சொல்லவில்லை. துடைக்க மட்டும் சொல்கிறேன். “இந்த வயதில் குனிந்து நிமிர முடியுமா?” என்பது அடுத்த கேள்வி. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இன்று உலர் வேலை, நாளை துடைப்பு, மறுநாள் பேட்டரி. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளை வந்தால் டார்ச்சை அவன் கையில் கொடுங்கள்.

வருடத்தில் இரண்டு முறை என்றேன். பங்குனிச் சருகு ஓய்ந்த பிறகு ஒன்று. ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒன்று. அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் பக்கத்தில், பானெட் திறக்கும் லீவர் இருக்கும். அது எங்கே என்று தேட வேண்டியிருந்தால், நீங்கள் அவசியம் திறந்து பார்க்க வேண்டியவர்.