எப்போதாவது லாரி ஓட்டும் உழவருக்கு என்ன தகுதி வேண்டும்?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு இரவில் சரக்கு கொண்டுவரும் சிறு வண்டிகள் எல்லாவற்றையும் டிரைவர் தொழில் செய்பவரே ஓட்டி வருவதில்லை. பல வண்டிகளில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அன்று காலை அதே தக்காளியைப் பறித்தவர். இல்லாவிட்டால் அவருடைய மகன் அல்லது மைத்துனர். மாதத்தில் நாலு நடை இருக்கும். காய்ப்பு ஓய்ந்துவிட்டால் அதுவும் கிடையாது. கொள்முதல் நிலையத்துக்கு டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றிப் போகிறவரும், ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகிறவரும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே. இவர்களை உழவர் என்பதா, டிரைவர் என்பதா? சட்டம் இவர்களிடம் எந்தத் தகுதியைக் கேட்கிறது என்பதில் பல ஆண்டுகளாகக் குழப்பம் இருந்து வந்தது. குழப்பத்தின் விலையைக் கொடுத்தவர்களும் இவர்களேதான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி போக்குவரத்து வாகனம் ஆகும். சொந்த நிலத்துச் சரக்கை ஏற்றினாலும், வாடகைச் சரக்கை ஏற்றினாலும் இதில் வித்தியாசம் இல்லை. போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கு நம் ஊரில் 'பேட்ஜ்' என்று சொல்லும் தனி அங்கீகாரம் லைசென்ஸில் வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும்; இலகுரக வாகன லைசென்ஸ் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும்; மருத்துவச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது; அது 2019இல் நீக்கப்பட்டது. பள்ளிக்குப் போகாத எத்தனையோ நல்ல கைகளை வெளியே நிறுத்திய விதி அது. நீக்கியது சரியே.

அதே சட்டம் மற்றோர் இடத்தில், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனமும் இலகுரக வாகனமே என்று சொல்கிறது. அப்படியானால், காருக்கு வாங்கிய இலகுரக லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு குட்டி யானையை ஓட்டலாமா, கூடாதா? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கூடாது என்றன. விபத்து நடந்து நஷ்டஈட்டு வழக்கு வரும்போது, டிரைவரிடம் பேட்ஜ் இல்லை என்பதைக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலகப் பார்த்தன. இத்தகைய வழக்குகளில், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக் கொள்ளலாம் என்று கோர்ட் உத்தரவிடுவது உண்டு. வண்டிக்காரர் சிறு விவசாயியாக இருந்தால் வசூல் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு ஏக்கர் நிலத்தின் பத்திரத்தில் போய்த்தான் நிற்கும்.

2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதும் என்று தீர்ப்பளித்தார்கள். அது சரியா என்ற கேள்வி 2022இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2024 நவம்பர் 6ஆம் தேதி அந்த அமர்வு முந்தைய தீர்ப்பை உறுதி செய்தது. பேட்ஜுக்கான கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். பெட்ரோல், காஸ் போன்ற அபாயகரமான சரக்குகளுக்கு மட்டும் விதி வேறு. இலகுரக லைசென்ஸ்காரர்கள் சரக்கு வண்டி ஓட்டுவதால்தான் விபத்துகள் பெருகுகின்றன என்பதற்குப் புள்ளிவிவரம் எதுவும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

எடை என்று சொல்லும்போது பலர் ஏற்றும் பாரத்தை மட்டும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வண்டியின் சொந்த எடையும், அது சுமக்க அனுமதிக்கப்பட்ட பாரமும் சேர்ந்ததே மொத்த எடை. அது ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். குட்டி யானை, பிக்-அப் வகைகள் இந்த எல்லைக்குள் வெகு சுலபமாக அடங்கும். நடுத்தர லாரிகளில் சில உள்ளே, சில வெளியே. வண்டி வாங்கும்போதும், பங்காளியின் வண்டியை இரவல் வாங்கும்போதும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். லைசென்ஸில் டிராக்டர் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து பிக்-அப் ஓட்டக்கூடாது என்பதையும் நினைவில் கொள்க.

ஐரோப்பிய நாடுகளில் இதே பிரச்னையை வேறு விதமாக அணுகியிருக்கிறார்கள். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரியைத் தொழிலாக ஓட்டுபவர் லைசென்ஸுக்கு மேல் தனித் தகுதிச் சான்றும் பெறவேண்டும் என்று 2003இல் விதி செய்து, 2009 செப்டம்பர் முதல் லாரி டிரைவர்களுக்கு நடைமுறைப்படுத்தினார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியும் உண்டு. ஆண்டில் பத்து நாள் லாரியைத் தொடும் விவசாயிக்கும் இது வேண்டுமா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. 2018இல் விதியைத் திருத்தி, தம் பண்ணைச் சரக்கைத் தாமே ஏற்றிச் செல்லும் உழவர், தோட்டக்காரர், மீனவர் முதலியோருக்கு விலக்கு அளித்தார்கள். ஆனால் வண்டி ஓட்டுவதே அவருடைய பிரதான வேலையாக இருக்கக்கூடாது. அந்தந்த நாடு வகுத்த தூரத்தைத் தாண்டவும் கூடாது. உரிய லைசென்ஸ் மட்டும் எப்படியும் வேண்டும்.

'ஓட்டுவது உன் தொழிலா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். நம் சட்டம் 'வண்டி எத்தனை கிலோ?' என்று கேட்கிறது. கேட்பதற்கு ஐரோப்பிய முறை நியாயமாகத் தோன்றும். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவருவது நம் விவசாயிக்கு நன்மை செய்யாது என்பது என் கருத்து. தொழில் எது என்று கேட்க ஆரம்பித்தால், இரவு பதினோரு மணிக்கு சோதனைச் சாவடியில் சிட்டாவையும் அடங்கலையும் நீட்டி, நான் உழவன்தான் என்று வாதாட வேண்டி வரும். குத்தகைக்குச் சாகுபடி செய்பவரிடம் அந்தக் காகிதமும் இராது. எண் ஒன்றைக் காட்டி முடித்துக்கொள்ளும் இன்றைய முறையே மேல். 2024 வழக்கு நடந்தபோது சட்டத் திருத்தம் தயாராகி வருவதாக மத்திய அரசின் தரப்பில் கூறப்பட்டது. எந்தத் திருத்தம் வந்தாலும் இந்த எளிமை போய்விடக்கூடாது என்று விவசாய சங்கங்கள் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

இதனால், லைசென்ஸ் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆறு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, பறிப்பு வேலையில் களைத்த உடம்போடு, இருட்டில், பழக்கமில்லாத பாரத்தோடு வண்டியை எடுப்பவர்தான் எப்போதாவது ஓட்டும் உழவர். தினமும் ஓட்டும் டிரைவரைவிட இவருக்கே பயிற்சி அதிகம் தேவை. சிறு காரில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர், மறுநாளே ஏழு டன் வண்டியைப் பாரத்தோடு எடுக்கச் சட்டத்தில் தடையில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும்.

டிராக்டர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. டிரெய்லரைப் பூட்டிச் சரக்கு ஏற்றிவிட்டதால் மட்டும் டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ஆகவே நெல்லோ, எருவோ, விதைக் கரும்போ ஏற்றிச் செல்ல டிராக்டர் லைசென்ஸ் போதும். வில்லங்கம் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, விவசாயத்துக்கென்று இன்ஷூர் செய்த டிராக்டரில் செங்கல்லும் மணலும் வாடகைக்கு அடிப்பது. பக்கத்துக் காட்டுக்காரரின் மூட்டையைச் சேர்த்து ஏற்றி டீசல் காசு வாங்குவது கிராமத்தில் உதவி. விபத்துக்குப் பின் அதையே வாடகை என்று வக்கீல் வாதிட இடம் உண்டு. மற்றொன்று ஆட்களை ஏற்றுவது. டிராக்டரில் ஓட்டுபவருக்கு மட்டுமே இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்தவரும், நாற்று நடவுக்கு டிரெய்லரில் நின்று வந்த பெண்களும் விழுந்து அடிபட்டால் பாலிசி கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மினி பஸ் வராத ஊரில் வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு டிராக்டர்காரர் பதிலாக முடியாது.

பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பதும் கிராமத்தில் பெருமையாகவே நடக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், சிறுவன் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இனிப் பயிற்சியில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதைப் பார்ப்போம். டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி உண்டு. உழவில் திருப்பும்போது ஒன்றை மட்டும் மிதிப்போம். சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு மிதியை அழுத்தினால் வண்டி ஒருபக்கம் இழுத்துக் கவிழும். பயிற்சிக்கு வரும் உழவர்களிடம் இந்தப் பூட்டைப் பற்றிக் கேட்டால், பலர் அது துருப்பிடித்துக் கிடக்கிறது என்கிறார்கள். பண்ணை டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் இல்லாததால், பாரம் முழுவதும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரை விலையாகக் கேட்கும். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். தக்காளிக் கூடைகளை உயரமாக அடுக்கிய பிக்-அப் வளைவில் எப்படிச் சாயும் என்பதை வெறும் வண்டியில் கற்றுக்கொள்ள முடியாது. இரவில் பழுதாகிச் சாலையோரம் நிற்கும் டிரெய்லருக்குப் பின்னால் ஒளிரும் சிவப்புப் பட்டை இல்லையென்றால், மோட்டார் சைக்கிளில் வருபவன் அதைக் காணும்போது நேரம் கடந்திருக்கும்.

இவற்றுக்கு ஒரு நாள் போதும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்திலேயே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டையே இதற்கும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே ஓட்டுபவரும் டிராக்டர்காரரும் விருப்பப்பட்டால் வரட்டும். 3,000 கிலோவுக்கு மேல் 7,500 கிலோ வரை ஓட்ட விரும்புபவர் பாரம் ஏற்றிய வண்டியில் ஒரு நாள் பயிற்சி பெற்றதற்கான சான்று வைத்திருக்கட்டும். புது லைசென்ஸ் வேண்டாம், புதுப் பரீட்சையும் வேண்டாம். மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துடன் சேர்ந்து இதை நடத்தலாம். டெல்டாவில் குறுவை அறுவடைக்கு முன்பும், கரும்புப் பகுதியில் அரவை தொடங்கும் முன்பும் வைத்தால் ஆட்கள் வருவார்கள். வருபவர்கள் தங்கள் டிரெய்லரையே இழுத்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டால், கொக்கியையும் பின்னையும் பிரேக் பூட்டையும் அங்கேயே பார்த்துச் சரிசெய்து அனுப்பலாம்.