சோம்பேறித்தனம் பெற்றெடுத்த மொழி!

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள்தான்!

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஒரு கணக்கைப் போட வேண்டுமானால், அதை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக வரி வரியாக எழுத வேண்டும். மெத்தப் படித்தவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள். எந்திரத்துக்கு ஆகும் செலவு எவ்வளவோ, அவ்வளவு செலவு இவர்களுக்கும் ஆயிற்று. எந்திரம் ஓடும் நேரத்திலோ, கால் பங்கு முதல் பாதி வரை பிழை தேடுவதிலேயே போயிற்று.

ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ஜான் பாக்கஸ், இந்த வேலையை அடியோடு வெறுத்தார். தான் ஒரு சோம்பேறி என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். (இப்படிப்பட்ட சோம்பேறிகள் நாட்டுக்கு நல்லது!) "பள்ளிக்கூட அல்ஜிப்ராபோல எழுதுவோம். எந்திரமே அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளட்டும்" என்பது அவர் எண்ணம். 1953-ம் ஆண்டு இறுதியில் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்றார்.

நிபுணர்கள் நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது.

எழுதுவதை எளிதாக்கும் முறைகள் முன்பே வந்திருந்தன. பாக்கஸே ஒன்று செய்திருந்தார். ஆனால், அவற்றால் எந்திரம் ஆமையாகிவிடும்! பழைய எந்திரங்களில் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. தசமப் புள்ளிக் கணக்கைப் போடவே அவை திணறின. அந்தத் தாமதத்தில் இந்தத் தாமதமும் மறைந்துவிட்டது. புதிதாக வந்த 704 எந்திரமோ புள்ளிக் கணக்கைத் தானே விரைவாகப் போட்டது. இனி ஒளிய இடமில்லை!

மனிதன் கையால் எழுதியதைவிடப் பாதி வேகத்தில் ஓடினால்கூட யாரும் தொடமாட்டார்கள் என்று பாக்கஸ் அஞ்சினார். எனவே, மொழியின் அழகைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. மொழிபெயர்ப்பின் வேகத்திலேயே கண்ணாக இருந்தார். அதுதான் சரியான முடிவு.

ஆறு மாதத்தில் முடியும் என்றார்கள். மூன்று ஆண்டு ஆயிற்று! பக்கத்து ஓட்டலில் பகலில் சிறிது தூங்கிவிட்டு, இரவெல்லாம் எந்திரத்தோடு மல்லாடினார்கள்.

1957 ஏப்ரலில் 'ஃபோர்ட்ரான்' வெளிவந்தது. அது எழுதித் தந்த கட்டளைகளைக் கண்டு, அதை உண்டாக்கியவர்களே திகைத்தார்கள். "இது தப்பாக இருக்குமோ?" என்று உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். தப்பில்லை! வேகத்துக்காகக் கணக்கை அது இடம் மாற்றிப் போட்டிருந்தது.

வானிலைக் கணிப்புக்கு இன்றும் ஃபோர்ட்ரான் உழைக்கிறது.